மில் முக்கில் ஆறாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டுப் பேர்

அங்க இறங்காதீங்க சார். கையில அவ்வளவு பெரிய பையை வச்சுக்கிட்டு லாரிக்கும் வேனுக்கும் நடுவுல எங்க போறீங்க? பத்தடி தள்ளி வாங்க. வெள்ளைக்கோடு போட்டிருக்கு பாருங்க, அதுல வாங்க. வேகத்தடை இருக்கு, நிப்பான். நிக்கலைன்னா நான் கையைக் காட்டுறேன், வாங்க.

ம். அவ்வளவுதான். உக்காருங்க. நல்லாம்பட்டி பஸ்ஸுக்கா? நானும் அதுக்குத்தான். போர்டுல ஒன்பதரைன்னு எழுதியிருப்பான், பத்தே காலுக்கு முன்னாடி அது என்னைக்கும் வந்ததில்ல.

இந்தக் கோடு எப்ப வந்துச்சு தெரியுமா சார்? வைகாசியில. யாரால வந்துச்சு தெரியுமா? டீக்கடைக்காரரைக் கேட்டா கவுன்சிலர்ம்பார். கவுன்சிலரைக் கேட்டா சேர்மன்ம்பார். சேர்மனைக் கேட்டா அவர் வேற பேரு சொல்லுவார். எல்லாம் சும்மா. என்னாலதான் வந்துச்சு. பெருமைக்குச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

எம்பேரு சுப்புத்தாய். இருபத்தேழு வருசம் சத்துணவு அமைப்பாளரா இருந்தேன். அமைப்பாளர்னா என்ன வேலைன்னு நெனைக்கிறீங்க? சோறு ஆக்குறதுக்கு வேற ஆளு இருக்கு. எனக்குத் தலை எண்ணுற வேலை. இன்னிக்கு எத்தனை பிள்ளை சாப்பிட்டுச்சு, எத்தனை முட்டை போச்சு, அம்புட்டுத்தான். எழுபத்தொரு பிள்ளை உக்காந்தா எழுபத்தொண்ணுன்னு எழுதுவேன். ஒரு ஹெச்.எம். வந்து, 'தொண்ணூறுன்னு போடுங்கம்மா, எல்லா ஊர்லயும் அப்படித்தான்'னார். எல்லா ஊர்லயும் நான் இல்லையே சார்னு சொன்னேன். மூணு தடவை என்னைத் தூக்கி வேற பள்ளிக்கூடத்துல போட்டாங்க. போடட்டும். அங்கயும் பிள்ளைக இருந்துச்சு, அங்கயும் எண்ணுனேன்.

எம்மகன் திருப்பூர்ல இருக்கான். அவன் சொல்லுவான், 'அம்மா, நீ உண்மையைத்தான் சொல்ற, ஆனா எந்த நேரத்துல சொல்லணும்னு உனக்குத் தெரியாது'ன்னு. உண்மைக்கு என்ன சார் நேரம்? அவன் கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் கோவம் அவனுக்கு. அதை விடுங்க, அது வேற கதை.

நான் ரிட்டயர் ஆகி வீட்டுல நானும் டிவியுமா இருக்கேன். தை மாசம், பொங்கல் முடிஞ்ச மறு வாரம், ஒரு பொண்ணு தெருவுல வீடு வீடா விசாரிச்சுக்கிட்டு வருது. முப்பது வயசு இருக்கும். சுடிதாரு, கழுத்துல ஒரு அட்டை. பேரு ஜெபக்கனி. நகராட்சியில நடக்குறவங்களுக்கும் சைக்கிள்ல போறவங்களுக்கும் ரோட்டை நல்லா பண்ணித்தரப் போறாங்களாம், அதுக்கு மெட்ராஸ்ல இருந்து ஒரு கம்பெனி திட்டம் போடுதாம், முதல்ல எந்த முக்குல எத்தனை பேர் நடக்குறாங்கன்னு எண்ணணுமாம். 'எழுதப் படிக்கத் தெரிஞ்சு பொறுமையா உக்காருற ஆளு வேணும்மா'ன்னு கேட்டுச்சு.

நான் கேட்டேன், 'எண்ணுனதை அப்படியே எழுதணுமா, நீங்க சொல்றதை எழுதணுமா?'

அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. 'எண்ணுனதைத்தாம்மா'ன்னுச்சு.

'அப்ப வாரேன்'னேன்.

இதே இடம்தான் சார். அந்த வேப்பமரத்தடியில ஒரு ஸ்டூலு, ஒரு குடை. காலையில அஞ்சரைல இருந்து சாயங்காலம் ஏழரை வரைக்கும். நடக்குறவங்க என் கணக்கு. சைக்கிள் எண்ண வர்றேன்னு சொன்ன ஆளு வரல, அதனால ஜெபக்கனியே பக்கத்துல உக்காந்து சைக்கிள் எண்ணுச்சு. கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம். நாலு கோடு போட்டு குறுக்க ஒரு கோடு, அஞ்சு. அமுக்கி அமுக்கி எண்ணுற சின்ன மெஷின் ஒண்ணு கொடுத்தாங்க. அதை மடியில போட்டுட்டேன். எனக்குப் பேனாதான்.

நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்குத் தெரியாது. இந்த ரோட்டுக்கு அங்கிட்டு மில்லு, மில்லுக் குடியிருப்பு, பொண்ணுகளுக்கான பெரிய பள்ளிக்கூடம். இங்கிட்டு ஊரு, மார்க்கெட்டு, ஆஸ்பத்திரி. நடுவுல இந்த பைபாஸ். விடியக்காலம் ஷிப்டுக்கு மில்லுப் பொண்ணுக வருவாளுக, நீலக் கலர் மில்லுக் கோட்டு போட்டுக்கிட்டு. அப்ப இந்தக் கோடும் இல்ல, வேகத்தடையும் இல்ல. பத்துப் பேரு சேர்ற வரைக்கும் ஓரத்துல நிப்பாளுக. பத்தானதும் ஒருத்தி கையை ஒருத்தி பிடிச்சுக்கிட்டு, முன்னாடி நிக்கிறவ இடது கையை நீட்டிக்கிட்டே போவா. லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வருவான். ஓடுவாளுக. செருப்பு நடுரோட்டுல கிடக்கும். எடுக்கத் திரும்ப மாட்டா. ஒத்தச் செருப்போட வேலைக்குப் போவா சார். முத நாளு நாலு செருப்புப் பார்த்தேன். அதுக்குக் கட்டம் இல்ல, அதனால எழுதல.

முத நாளே எனக்கும் ஜெபக்கனிக்கும் சண்டை. ஒருத்தி இடுப்புல பிள்ளையை வச்சுக்கிட்டு போறா. நான் ரெண்டு கோடு போட்டேன். 'ஒண்ணுதாம்மா, நடக்குறவங்களை மட்டும்தான் எண்ணணும்'னுச்சு. 'பிள்ளை உசுரு இல்லையா? லாரி இடிச்சா அதுக்கு வலிக்காதா?'ன்னேன். 'விதி அப்படிம்மா'. 'யாரு போட்ட விதி?' 'கம்பெனி போட்டது'. சரின்னு தாள்ல ஒண்ணு போட்டேன். என் நோட்டுல தனியா ஓரத்துல எழுதிக்கிட்டேன்.

ஆமா, எனக்குன்னு ஒரு நோட்டு உண்டு. சத்துணவுல இருந்தப்பவே பழக்கம். அவங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நாளைக்கு யாராவது வந்து நீ இப்படி எழுதலைன்னு சொன்னா காட்டணும்ல?

நல்ல பொண்ணு சார் அது. நான் ஒண்ணும் குறை சொல்லல. மத்தியானம் தயிர்சாதம் கொண்டு வரும், பாதியை எனக்கு வச்சிரும். வேணாம்னா கேக்காது. வெயில் இறங்க இறங்க குடையை என் பக்கம் சாய்ச்சுச் சாய்ச்சு, கடைசியில அதுமேல வெயில் அடிக்கும். அம்மா மட்டும்தான் வீட்டுல, முடியாதவங்க. இதுதான் அதுக்கு முத வேலை மாதிரி வேலை. 'இந்தத் திட்டம் நல்லபடியா முடிஞ்சா ஜூன்ல நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காங்கம்மா'ன்னு சொல்லுச்சு. 'பண்ணுவாங்க, உன்னை மாதிரி ஆளு எங்க கிடைக்கும்'னேன். மனசாரத்தான் சொன்னேன்.

முத நாளு, புதன்கிழமை, ஆறாயிரத்து முன்னூத்திப் பதினெட்டுப் பேர் சார். நான் எண்ணி முடிச்சு கூட்டிச் சொன்னப்ப ஜெபக்கனி வாயில கையை வச்சுக்கிச்சு. சைக்கிள் ஆயிரத்துத் தொளாயிரத்து நாலு. அதுல முட்டைக்காரர் சையது பாய் மட்டும் எட்டு தடவை. ஒத்த சைக்கிள்ல முட்டை அட்டையை ஆளு உசரத்துக்குக் கட்டி, தள்ளிக்கிட்டே கடப்பார். அவர் கடக்குறவரைக்கும் நானும் ஜெபக்கனியும் பேச மாட்டோம்.

அப்புறம் சனி, ஞாயிறு எண்ணுனோம். தாளெல்லாம் கொடுத்தேன். நன்றி சொல்லி, கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கூட்டம் போடுவாங்க, சொல்றேம்மா'ன்னு போச்சு.

சொல்லல. பங்குனியில நானாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நகராட்சி வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. மக்கள் கருத்துக்கேட்பு. செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி, கல்யாண மண்டபத்துல. எனக்கு வேற ஒண்ணுமில்ல சார், நான் எண்ணுன நம்பரு அச்சுல வந்திருக்கும், அதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வரலாம்னு போனேன். இருபத்தேழு வருசம் எண்ணியிருக்கேன், எங்கயாவது அச்சுல வந்திருக்கா?

வாசல்லயே புஸ்தகம் கொடுத்தாங்க. வழவழன்னு கலர்ல. அட்டையில ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தலையில தொப்பி போட்டு சைக்கிள் ஓட்டுது. உள்ள பட்டியல். கண்ணாடியைப் போட்டுப் பார்க்குறேன். மில் முக்கு: ஆயிரத்து நூத்தி நாப்பது.

அச்சுப் பிழைன்னு நெனைச்சேன் சார். சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன். மேல பாக்குறேன். கண்மாய்க்கரை: ஆறாயிரத்து முன்னூத்திப் பதினெட்டு.

என் நம்பரு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. அப்படியே தூக்கி அங்க வச்சிருக்காங்க. கண்மாய்க்கரையில யாரு சார் நடக்குறா? காலையில டாக்டரு, வக்கீலு, நகைக்கடைக்காரங்க நடப்பாங்க, சாயங்காலம் நடப்பாங்க. நடக்கட்டும், நல்லதுதான், சர்க்கரை குறையும். அதுக்காக மில்லுப் பொண்ணுகளைத் தூக்கிக் கொண்டு போய்க் கண்மாய்க்கரையில விட்டா எப்படி? கீழ எழுதியிருக்கு: கண்மாய்க்கரைக்கு முதற்கட்டமாக நடைபாதை, சைக்கிள் பாதை, அலங்கார விளக்கு. மில் முக்கு: தேவை குறைவு, பின்னர் பரிசீலிக்கலாம்.

பையில இருந்து என் நோட்டை எடுத்து வச்சுப் பாத்தேன், அதே நம்பருதான்.

மேடைக்குப் பக்கத்துல படம் காட்டுற மெஷினு, அதுகிட்ட ஜெபக்கனி. என்னைப் பாத்துச்சு. உடனே எந்திரிச்சு வந்துச்சு. தண்ணி கேன் வச்சிருந்த மூலைக்கு என்னைக் கூட்டிட்டுப் போச்சு.

'அம்மா, இன்னிக்குப் பேசாதீங்க'ன்னுச்சு.

'எதைப் பத்தி?'

'நீங்க பாத்துட்டீங்க, முகத்துலயே தெரியுது. நான் தாளைச் சரியாத்தாம்மா அனுப்புனேன். மெட்ராஸ்ல மாத்திட்டாங்க. கண்மாய்க்கரைக்கு ஆள் கூடுதலாக் காட்டணும்னு யாரோ சொல்லியிருக்காங்க. புஸ்தகம் அச்சாகி வந்தப்பறம்தான் எனக்கே தெரியும்.'

'சரி, மேடையில ஏறிச் சொல்லு.'

'எப்படிம்மா சொல்றது? ஒவ்வொரு தாள்லயும் என் கையெழுத்து இருக்கு. என்னைத்தான் பிடிப்பாங்க. எழுத்து மூலமா ஆட்சேபணை கொடுக்கப் பதினஞ்சு நாளு டைம் இருக்கு. நானே எழுதித் தர்றேன், உங்க நோட்டு நகலையும் வச்சு நீங்க கொடுங்க. கட்டாயம் மறுபடி எண்ணித்தான் ஆகணும். யாரு பேரும் வெளிய வராம சரியாயிரும்.'

சார், நான் ஆபீஸு பாத்தவ. எழுதிக் கொடுத்த காகிதம் எங்க போகும்னு எனக்குத் தெரியும். மூணு தடவை என்னை மாத்துனப்பவும் எழுதித்தான் கொடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் பதில் வரல. அதைச் சொன்னேன்.

'அம்மா, ஜூன் மாசம்மா'ன்னுச்சு.

'நீ எதுக்குப் பயப்படுற? நீ சரியாத்தான எழுதுன?'ன்னு கேட்டேன். கேட்டது தப்பா? சரியா எழுதுனவளுக்கு என்ன பயம்? நான் பயந்திருக்கேனா? அது தண்ணி ஒரு டம்ளர் பிடிச்சு என் கையில கொடுத்துட்டுப் போயிருச்சு.

கூட்டம் ஆரம்பிச்சுச்சு. சேர்மன், இன்ஜினியர், மெட்ராஸ் கம்பெனி ஆளு, நீளமா ஒரு மேசை. கம்பெனி ஆளு படம் போட்டுக் காட்டுறார். ஒருத்தர் எந்திரிச்சு கண்மாய்க்கரை விளக்கு மஞ்சளா இருக்கணும், வெள்ளையா இருந்தா கண்ணு கூசுதுங்கிறார். இன்னொருத்தர் பாட்டு போடணும்ங்கிறார், மெல்லிசா. இன்னொரு அம்மா, நடக்குற இடத்துல நாயி வருதுன்னாங்க. எல்லாத்தையும் எழுதிக்கிறாங்க. நான் சுத்திப் பாத்தேன். இருநூறு பேரு இருப்பாங்க. ஒரு நீலக்கோட்டு இல்ல. எப்படி வருவாளுக? செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவளுக மில்லுக்குள்ள நூல் பாத்துக்கிட்டு நிப்பாளுக. அவங்களைப் பத்தித்தான் திட்டம், அவங்க வர முடியாத நேரத்துல கூட்டம்.

எந்திரிச்சேன்.

'பேசுறதுக்கு வாங்குன டோக்கன் நம்பர் என்னம்மா?'ன்னார் இன்ஜினியர்.

'ஆறாயிரத்து முன்னூத்திப் பதினெட்டு'ன்னேன்.

சிரிச்சாங்க சார். மண்டபமே சிரிச்சுச்சு.

'சிரிங்க. அது என் நம்பரு. இந்தா புஸ்தகத்துல பன்னெண்டாம் பக்கத்துல கண்மாய்க்கரைன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அது கண்மாய்க்கரை இல்ல. மில் முக்கு. எண்ணுனவ நான். இந்தா நோட்டு'ன்னேன்.

மைக்கு கொடுத்த பையன் பக்கத்துலயே நின்னான். நான் வாசிச்சேன். அஞ்சரைல இருந்து அஞ்சே முக்கால், தொண்ணூத்தி ரெண்டு. அஞ்சே முக்கால்ல இருந்து ஆறு மணி வரைக்கும், முன்னூத்தி எண்பத்தாறு. ஆறுல இருந்து ஆறே கால், இருநூத்தி நாலு. அப்படியே வாசிச்சுக்கிட்டே போனேன். எட்டு மணிக்கட்டம் வந்தப்ப மைக்கை நிப்பாட்டிட்டாங்க. நிப்பாட்டட்டும். இருபத்தேழு வருசம் பள்ளிக்கூட மைதானத்துல நின்னு இருநூறு பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்ட தொண்டை இது. எனக்கு எதுக்கு மைக்கு? மத்தியானம் ஒரு மணி வரைக்கும் வாசிச்சேன். கட்டம் ஒரு மணி வரைக்கும்னு சொல்றேன், கடிகாரம் இல்ல.

பின்னாடி யாரோ எந்திரிச்சாங்க. திரும்பிப் பாத்தா சையது பாய். முட்டையை மண்டபத்துச் சமையக்கட்டுல இறக்க வந்த மனுசன். 'அன்னிக்கு அந்த முக்கை எட்டு தடவை சைக்கிளோட கடந்தவன் நான். இடுப்பை உரசிக்கிட்டு பஸ்ஸு போகும், இந்த அம்மா அங்கதான் உக்காந்திருந்தாங்க, நான் பாத்தேன்'னார். அதோட கூட்டத்துல சலசலப்பு வந்துருச்சு. பத்திரிகைக்காரங்க ரெண்டு பேரு இருந்தாங்க, எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

சேர்மன் கம்பெனி ஆளைப் பாத்தார். என்ன இதுன்னார்.

அந்த ஆளு சிரிச்ச முகமா எந்திரிச்சு, 'இது ஃபீல்டுல நடந்த தவறா இருக்கும் சார். தாள்ல இடத்தோட பேரை மாத்தி எழுதியிருப்பாங்க. எங்க சூப்பர்வைசர் இங்கயே இருக்காங்க, கேட்டுருவோம்'னார்.

ஜெபக்கனி எந்திரிச்சுச்சு.

'நீங்க பேரை மாத்தி எழுதிட்டீங்களா?'

அது என்னைப் பாத்துச்சு சார். மேசையில இருக்குறவங்களைப் பாக்கல, கம்பெனி ஆளைப் பாக்கல, என்னைப் பாத்துச்சு. நானும் பாத்தேன்.   சொல்லு, மெட்ராஸ்ல மாத்துனாங்கன்னு சொல்லுன்னு நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கேன்.

'ஆமா சார். என் தவறுதான்'னுச்சு.

உக்காந்துருச்சு.

இப்பச் சொல்லுங்க. அது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? யாரு அதைத் தடுத்தா? என்கிட்ட மட்டும் மூலையில சொல்லத் தெரியுது, அங்க சொல்லத் தெரியல. நான் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கலாம். என் பக்கத்து வீட்டு அம்மாவும் அப்படித்தான் கேட்டாங்க. நான் எப்படிச் சொல்றது? மெட்ராஸ்ல யாரு மாத்துனான்னு நான் கண்ணால பாத்தேனா? நான் பாத்தது மில் முக்கு. நான் எண்ணுனது தலை. பாத்ததைத்தான் சொல்லுவேன். அவ என்கிட்ட ரகசியமாச் சொன்னதை நான் சபையில சொன்னா அது நல்லாவா இருக்கும்? அப்படியும் எனக்கு அந்த நேரத்துல அது தோணவே இல்ல சார், அதான் நெசம். நான் மத்தியான ஷிப்டுக் கட்டத்தை வாசிக்கணும்னு நோட்டைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். ரெண்டு மணி ஷிப்டு பெருசு.

ஜெயிச்சோம். அதை நீங்க மறந்துரக் கூடாது. மறுபடி எண்ணச் சொல்லி சேர்மன் அங்கயே உத்தரவு போட்டார். சித்திரையில எண்ணுனாங்க. கம்பெனி ஆளுக இல்ல, நகராட்சி ஆளையே உக்கார வச்சாங்க. என்னைக் கூப்பிடல. கூப்பிடாட்டி என்ன, ரோடு பொதுதானே? நானும் ஒரு ஸ்டூலைப் போட்டு அவர் பக்கத்துல உக்காந்துட்டேன். அவர் ஆறாயிரத்து இருநூத்தி எண்பத்தேழு. நான் ஆறாயிரத்து இருநூத்தித் தொண்ணூறு. அந்த மூணு பேரு அவர் டீ குடிக்கப் போனப்பப் போனவங்க.

வைகாசியில கோடு வந்துச்சு, வேகத்தடை வந்துச்சு. மில்லுச் சுவரு ஓரமா நடைபாதைக்குத் தோண்டிப் போட்டிருக்காங்க, பாத்தீங்களா? இங்கிட்டு இன்னும் தோண்டல, கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். சைக்கிளுக்குன்னு பச்சைப் பெயிண்ட்டு அடிச்சாங்க, அதுமேல ஆட்டோவை நிப்பாட்டிட்டான். தினமும் வந்து சத்தம் போடுறேன். என்னைக் கண்டா ஆட்டோக்காரங்க வண்டியை எடுத்துட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வருவாங்க. கண்மாய்க்கரைக்கும் விளக்குப் போட்டுட்டாங்க, மஞ்சளாத்தான். அவங்களுக்கு எப்படியும் வந்துரும்.

ஜெபக்கனி போனை எடுக்கல. ரெண்டு வாரம் அடிச்சுப் பாத்தேன். மறுபடி எண்ணுனப்ப நகராட்சி ஆளுகிட்டக் கேட்டேன். 'அந்தப் பொண்ணை நிப்பாட்டிட்டாங்கம்மா, கவனக்குறைவுன்னு எழுதி'ன்னார். அந்தக் கம்பெனியில இருந்து என்ன செய்யப் போகுது, போனது நல்லதுதான்னு சொன்னேன். சொல்லிட்டேனே தவிர அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு கட்டம் கோடு மாறிப் போச்சு எனக்கு. அடிச்சு எழுதுனேன். நான் நோட்டுல அடிச்சு எழுதுறவ இல்ல.

போன மாசம் இன்ஜினியர் வீட்டுக்கே வந்துட்டார் சார். அதே இன்ஜினியர், டோக்கன் கேட்டவரு. இன்னும் பதினோரு முக்கு எண்ணணுமாம், இந்தத் தடவை நகராட்சியே எண்ணுதாம். 'நீங்கதாம்மா வந்து மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும்'னார். எனக்குச் சந்தோசம்தான், மறைக்கல. ஆனா ஒரே பேச்சாச் சொல்லிட்டேன். 'சூப்பர்வைசரா ஜெபக்கனியைப் போடுங்க. இல்லாட்டி நான் வரல.'

'அந்தப் பொண்ணு மேல தப்புன்னு எழுத்துல இருக்கே அம்மா'ன்னார்.

'எழுதியிருந்தா அழிங்க. இல்லாட்டி அதையும் என் பேர்ல எழுதிக்கங்க.'

தலையைச் சொறிஞ்சார். 'அந்தப் பொண்ணே எழுதிக் கொடுத்தாப் பாக்கலாம்'னு ஒரு விண்ணப்பத்தாளைக் கொடுத்துட்டுப் போனார். இந்தா, பையில இருக்கு. பேரு, விலாசம் எல்லாம் நானே நிரப்பிட்டேன், கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.

நல்லாம்பட்டியில சர்ச்சுத் தெருவுல வீடு. முத தடவை போனேன், பூட்டியிருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை போனேன். இருந்துச்சு. இளைச்சுப் போயிருக்கு. உள்ள வாங்கன்னு சொல்லல, ஆனா நாற்காலியைத் தூக்கி வாசல்ல போட்டுச்சு, தண்ணி கொடுத்துச்சு. தெருவுல தையல்மெஷின் ஒண்ணு வச்சு ஜாக்கெட்டு தைக்குதாம். நான் எல்லாத்தையும் சொன்னேன். கோடு வந்ததைச் சொன்னேன், நடைபாதை தோண்டுனதைச் சொன்னேன், இப்ப பொண்ணுக ஓடாமக் கடக்குறாளுகன்னு சொன்னேன். அதைக் கேட்டப்ப லேசா முகம் மாறுச்சு. தாளை நீட்டுனேன். வாங்கல.

'அம்மா, அன்னிக்கு மண்டபத்துல நான் உங்களையே பாத்தேனே, ஏன்னு தெரியுமா?'ன்னு கேட்டுச்சு.

'பயந்துபோய்ப் பாத்த'ன்னேன். 'பயப்படாதன்னு நானும் பாத்தேன்.'

அது சிரிச்ச மாதிரி இருந்துச்சு. டம்ளரை வாங்கிக்கிட்டு உள்ள போயிருச்சு. அவங்க அம்மா இருமுற சத்தம் கேட்டுச்சு. நான் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அது திரும்பி வரல. நாற்காலியை மடக்கிச் சுவத்துல சாத்திட்டு வந்துட்டேன்.

இன்னிக்கு மூணாவது தடவை. மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனைக்காதீங்க சார். தப்புப் பண்ணுனவங்கதான் மன்னிப்புக் கேக்கணும். நான் எண்ணுனது சரி. திருப்பி எண்ணியும் சரியா வந்துச்சு. இந்தத் தாள்ல கையெழுத்து வாங்கப் போறேன், அம்புட்டுத்தான்.

ஆனா எதுக்கு என்னைப் பாத்துச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது. பயம் இல்லைன்னா பின்ன என்ன? ஒரு வாரமா எனக்கு அதே ரோசனை. சோத்துல கையை வச்சா அதே ரோசனை. நான் என்ன செய்யணும்னு அது எதிர்பாத்துச்சு? நீங்களே சொல்லுங்க. நீங்க அந்த இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?

ஏன் சார், ஏதாவது சொல்லுங்களேன். இவ்வளவு நேரம் ம் ம்னு கேட்டீங்க, இதுக்கு மட்டும் வாயை மூடிக்கிட்டீங்க. அதுவும் இப்படித்தான், கேட்டா பேசாது.

சரி, அந்தா பஸ்ஸு வந்துருச்சு. பையை எடுங்க. படி உசரமா இருக்கும், பாத்து ஏறுங்க.

இல்ல இல்ல, என் கையைப் பிடிக்க வேணாம். நீங்க ஏறுங்க. நான் ஏறிக்கிருவேன்.